எழுபத்திரண்டாவது தட்டு

என் அக்கா அஃப்காரைப் பற்றி யாராவது கேட்டால், எகிப்தில் எங்கள் ஊரான தந்தாவின் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சை இணைத்துவிட்டுத் தன் பேச்சை விழுங்கியவள் என்பேன். அவள் விழுங்கியதில் பெரிய கவளம் நான் ஊட்டியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதில் நிச்சயமானது. மாப்பிள்ளை ஈராக்குக்கு வேலைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் வீட்டுச் சாமான் சேர்த்துவிட வேண்டும் என்று, அக்கா போர்ட் சயீதுக்குப் போய் ஒரு பீங்கான் செட் வாங்கினாள். வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு, மொத்தம் எழுபத்திரண்டு உருப்படி. அந்த ஊரில் வரி கிடையாது. ஊரைவிட்டு வெளியே கொண்டுவந்தால் சுங்கக்காரன் பிடிப்பான். அதனால் பலமுறை போய், ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தைக் கோட்டுக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு மாசமானவள் போல நடந்து வந்தாள். கடைசி முறை சுங்கக்காரனே எழுந்து, "உக்காரும்மா, இந்த நெலமையில நிக்கலாமா?" என்று நாற்காலியைக் கொடுத்தானாம். அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. பிறகு ஈராக்கிலிருந்து கடிதம் நின்றுபோனது. செட் கட்டிலுக்கு அடியில் போனது.

ஆறு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் புது வீட்டுக் கூடத்தில் நீஷ் என்கிற கண்ணாடி அலமாரி நிறைந்திருக்க வேண்டும், வருகிறவர்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும். அப்பாவால் அலமாரிதான் வாங்க முடிந்தது.

"ஒரு வாரம் உன் செட்ட வைப்போம்மா அஃப்கார். பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் எடுத்துக்க" என்றார்.

அக்காவே துடைத்து அடுக்கினாள். சீர்ப்பட்டியல் எழுதும் நாளில் என் மாப்பிள்ளையின் சித்தப்பா நீஷைப் பார்த்தபடியே எழுதினார்: பீங்கான் செட், எழுபத்திரண்டு உருப்படி. இரவல் என்று சொன்னால் குடும்ப மானம் போய்விடும். அப்பா வாயைத் திறக்கவில்லை. என் கணவர் ஷௌக்கி கையெழுத்துப் போட்டார். அந்தப் பட்டியலில் ஏறியது பெண்ணுக்கே சொந்தம். எடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்பார்கள். அக்கா சர்பத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினேழு வருஷம் அந்தச் செட் நீஷிலேயே இருந்தது. அதில் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. நீஷில் இருப்பதை யார் எடுத்துச் சாப்பிடுவார்கள்?

கனடாவுக்குக் குடிபோக அனுமதி வந்தபோது முதலில் நினைத்தது அதைத்தான். இப்போதாவது கொடுத்துவிட வேண்டும். ஷௌக்கியிடம் சொன்னேன்.

"நாளைக்கு ரீஹாமுக்குக் கல்யாணம்னா நீஷ்ல என்னத்த வைப்ப? ஒன் கையவா?" என்றார்.

எங்கள் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவர் சொன்னது நொண்டிச் சாக்கு என்று தெரியும். கையில் கிடைத்த சாக்கை நான்தான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சாமான் கட்டும் நாளில் அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். ஒவ்வொரு தட்டையும் செய்தித்தாளில் சுற்றினாள். பெட்டியின் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தாள். நடுவில் தந்தா கடலை மிட்டாயும் ஒரு பொட்டலம். கையெழுத்து அழகு என்பதால் பெட்டிப் பட்டியலையும் அவளே எழுதினாள். நான் சமையலறையில் நின்று, கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி கட்டும் மேஸ்திரி ஃபத்ஹி, செட் இருந்த முப்பத்தொன்றாம் பெட்டியை மூட வந்தார். "துறைமுகத்துல பிரிச்சு எண்ணுவாங்க மேடம். எண்ணிக்கை சரியா இருக்கணும், இல்லேன்னா என் தல உருளும்."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பீங்கான் செட், எழுபத்தொன்று.

"என்னக்கா, இத்தன வருஷம் நம்பர் போட்டுக் குடுத்தவ, எண்ணத் தெரியாமப் போச்சா? எழுபத்திரண்டு!" என்று சிரித்து, பேனாவால் அடித்துத் திருத்தினேன். ஆட்களும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. முகம் சிவந்தது. மூலையில் கிடந்த தன் கைப்பையைத் திறந்தாள். பச்சைத் தலைத்துணியில் சுற்றிய ஒரு தட்டை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள்.

தன் செட்டிலிருந்து ஒரே ஒரு தட்டு. அதையும் திருடியவள் போல எடுத்திருக்கிறாள். எடுத்த கையோடு பட்டியலில் பொய் எழுத மனம் வராமல் எழுபத்தொன்று என்றே எழுதியிருக்கிறாள். எனக்கு எல்லாம் புரிந்தது. "வச்சுக்கக்கா, எல்லாமே ஒன்னோடதுதான்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நாலு ஆள் நிற்கிறார்களே என்று வெட்கப்பட்டேன். என் வெட்கம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஃபத்ஹி நாடாவை ஒட்டினார்.

இங்கே கனடாவில் எங்கள் வீட்டில் நீஷ் வைக்க இடமில்லை. ரீஹாம் போன வருஷம் கல்யாணம் செய்துகொண்டாள். செட்டைக் கொடுக்கிறேன் என்றதற்கு, "எழுபத்திரண்டா? நாங்க ரெண்டு பேர்தாம்மா" என்றாள். பெட்டி நிலவறையில் கிடக்கிறது. ஒரு தடவை மட்டும் பிரித்தேன். மேலே அந்தப் பச்சைத் துணி இருந்தது. மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அக்காவுக்குப் போன் செய்வேன். நீஷ் பற்றியோ தட்டு பற்றியோ அவள் கேட்டதில்லை. போன வாரம் நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னைக்கு நீ பையில வச்சிருந்த அந்தத் தட்டு..."

அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"கேக்கலடி மெர்வத், லைன் சரியில்ல" என்றாள். முப்பது வருஷம் லைன் பார்த்தவள். "பனி எப்படி? புள்ளைக்கு அங்க முலூக்கியாக் கீரை கெடைக்குதா?"

கிடைக்கிறது என்றேன்.