நண்டின் கோடு ஏன் இறங்கியது

அந்த வீட்டின் இரண்டாவது பெண்ணைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நண்டு என்றால்தான் திரும்புவாள். தவழும் வயதில் நேராகப் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து கட்டிலடியில் புகுந்துகொள்வாளாம்; அப்பா வைத்த பெயர் அது. கால்பந்து விளையாட ஆரம்பித்த பிறகும் அந்த நகர்வு போகவில்லை. எதிரில் வருகிறவள் வலப்பக்கம் காலை நீட்டினால், இவள் பந்தோடு இடப்பக்கம் முளைத்திருப்பாள். பள்ளி அணிகளில் அவளைப் பிடிக்க ஆளில்லை.

அக்கா அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஹோட்டல் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனவள். விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யார் கண்ணுக்கும் படாத சுருக்கத்தைக் கண்டுபிடித்து மறுபடியும் இஸ்திரிக்கு அனுப்புவாள். உடன் வேலை செய்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்பா பஸ் ஓட்டுநர், அம்மாவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. இருவருக்கும் நேரம் ஒத்து வராததால் நண்டை மைதானத்துக்கு அழைத்துப் போவது சின்ன வயதிலிருந்தே அக்காவின் பொறுப்பு. ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நண்டுக்குப் பதினேழு முடிந்ததும் பெரியவர்களின் பெண்கள் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா சலவைக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். முதல் நாள் பயிற்சியைப் பார்த்த பிறகு, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

அந்த அணியின் பின்வரிசையில் ஒருத்தி இருந்தாள். பார்சல் ஆபீசில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளைத் தாண்டி யாரும் உள்ளே போனதில்லை என்பதால் எல்லோருக்கும் அவள் கதவு. நண்டு வழக்கம்போலப் பந்தை இடப்பக்கம் ஒதுக்கினாள். கதவு காலை நீட்டவில்லை; தோளைக் கொண்டுவந்து லேசாக வைத்தாள். நண்டு புல்லில் உருண்டாள். எழுந்து மறுபடி வந்தாள். மறுபடி உருண்டாள்.

"ஐயோ கண்ணு, நான் இன்னும் தொடவே இல்லையே. காத்து அடிச்சிருக்கும் போல" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டாள் கதவு.

ஆட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் சேர்த்து அணிக்கு ஒரே பயிற்சியாளர்; அக்கா வயதுப் பெண்தான். ஒரு காலத்தில் பளு தூக்கும் போட்டிகளுக்குப் போனவர். எல்லோரும் கோச் என்பார்கள். பயிற்சி முடிந்ததும் நேராகவே சொல்லிவிட்டார்.

"கால்ல வித்தை இருக்கு. உடம்பு இன்னும் ஸ்கூல்லயே நிக்குது. ரெண்டு மாசம் என்கிட்ட ஜிம்முக்கு வரட்டும். அப்புறம் ஒரு பயிற்சி ஆட்டம் வெக்கிறேன். நின்னு ஆடினா இந்த சீசனே எடுத்துக்கறோம். விழுந்துக்கிட்டே இருந்தா, அடுத்த வருஷம் பாக்கலாம்."

பதினேழு வயதுக்காரிக்கு அடுத்த வருஷம் என்பதும் அடுத்த ஜென்மம் என்பதும் ஒன்றுதான்.

ஜிம் என்பது பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த நீளமான அறை. ரப்பர் விரிப்பும் இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை. ஓரத்தில் பெஞ்சு போட்டு அக்கா உட்கார்ந்துகொண்டாள். பெரிய பெரிய இரும்புத் தட்டுகளைத் தூக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம். நண்டின் கையில் வெறும் மரக்கம்பைக் கொடுத்து, அதைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழச் சொன்னார் கோச்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? விளக்குமாத்துக் கட்டை எங்க வீட்லயே இருக்கே" என்று அக்கா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"குந்தும்போது முட்டி ரெண்டும் உள்ள சாயுது பாருங்க. அது நேராகாம வெயிட் ஏத்தினா முட்டி போயிடும்."

அக்கா குனிந்து பார்த்தாள். ஆமாம், சாய்ந்தது. இத்தனை வருஷம் பார்த்த கால்கள், இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். அன்றிலிருந்து கேள்வி கேட்பதே வேலையாகிவிட்டது. பெட்டி மேலிருந்து குதித்தால் ஏன் சத்தம் வராமல் இறங்க வேண்டும்? முட்டி போட்டு நிற்கிறவளின் கணுக்காலைக் கதவு பிடித்துக்கொள்ள, இவள் இடுப்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாய்கிறாளே, அது எதற்கு?

"வேகமா ஓடுறப்போ தொடைக்குப் பின்னால பிடிச்சுக்கும்ல, அது பிடிக்காம இருக்க. நீங்களும் வந்து செய்ங்களேன், கேள்வி குறையும்" என்றார் கோச்.

கேள்வி குறையவில்லை. ஆனால் முட்டி நேரானது. மரக்கம்பு இரும்புக் கம்பியானது. இரு பக்கமும் சின்னத் தட்டுகள் ஏறின.

வாரக் கடைசியில் ஒரு சோதனை. விரல் நுனியில் சாக்பீஸ் தடவிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து எம்பிக் கறுப்புச் சுவரில் கோடு போட வேண்டும். முதல் மாதம் நண்டின் கோடு மளமளவென்று ஏறியது. அதன் பிறகு அப்படியே நின்றது. ஆறாவது வாரம் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது.

"இன்னொரு தடவை குதி" என்றார் கோச். இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குப் புரியலையே. எல்லாரோடதும் ஏறுது. நல்லாத் தூங்குறியா?"

"தூங்குறேன் கோச்."

"சாப்பாடு?"

"இவ சாப்பிடுறதுக்கு வீட்ல தனியா உலை வெக்கணும்" என்றாள் அக்கா.

பயிற்சி ஆட்டத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அக்காவுக்கு மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. நல்ல விரிப்பு ஏன் சுருங்குகிறது? தண்ணீரா, சூடா, நூலா? ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதுதானே அவள் தொழில். சாப்பாட்டைப் பார்த்தாள், குறை இல்லை. தூக்கம், குறட்டையோடு இருந்தது. காலணியின் அடியைத் தட்டிப் பார்த்தாள். அதுவும் சரி.

மறுநாள் வீட்டுத் துணி துவைக்கும்போது நண்டின் பள்ளிக் காலுறைக்குள் மணல். கொஞ்சநஞ்சம் இல்லை, உள்ளங்கையில் கொட்டும் அளவுக்கு. மைதானத்தில் புல், பள்ளியில் சிமெண்ட் தரை. மணல் எங்கிருந்து வந்தது? தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு குவியல் கிடந்தது. பதினேழு வயதில் மணல் விளையாட்டா?

அன்று மாலை வேலை முடிந்து வந்தவள் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். பள்ளிவிட்டு வந்த நண்டு படியிறங்கியதைப் பார்த்ததும் திக்கென்றது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, வளைகாப்பு முடிந்தவள் மாதிரி இறங்கினாள்.

"பேன்ட்டைத் தூக்குடி."

"அக்கா, நடுத்தெருவுல என்ன இது!"

"தூக்குறியா, நான் தூக்கட்டுமா?"

இரண்டு கணுக்காலிலும் தலையணை உறையைக் கிழித்துத் தைத்த பைகள், நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. உள்ளே மணல். கோணல்மாணலான தையலின் இடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. நாடா அழுத்திய இடத்தில் சிவப்பாக வளையம் விழுந்திருந்தது.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"ரெண்டு வாரத்துக்கு மேல. கோச் குடுக்கிற வெயிட் பத்தலைக்கா. கதவு அக்கா நாள் பூரா பார்சல் தூக்குறாங்க, அதான் அவ்வளவு பலம். எனக்கு ஜிம்முல ஒரு மணி நேரம்தான். மீதி நேரத்தையும் வீணாக்க வேணாம்னு..." நண்டு பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்டாள். "கோச்கிட்ட சொல்லிடாத. சின்னப் புள்ளன்னு அனுப்பிடுவாங்க."

அக்காவுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் அதற்கு முன் இன்னொரு கேள்வி முந்திக்கொண்டது. "நாள் முழுக்கச் சுமந்தா பலம் கூடணும்ல? ஏண்டி இறங்குச்சு?"

"அதான் எனக்கும் தெரியல."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேக்காம நமக்கு எப்படித் தெரியும்?"

நண்டு வீடு வரும்வரை யோசித்தாள். அடுத்த பயிற்சியன்று அவளே பைகளை எடுத்துப்போய்க் கோச் முன்னால் வைத்தாள். அக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோச் பைகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார், தையலை உற்றுப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத்தனை நாள் என் பயிற்சியிலதான் ஏதோ தப்புன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன்டி! இங்க பாரு. வெயிட் தூக்குறப்போ உடம்பு களைச்சுத்தான் போகும். இறக்கி வெச்சு, சாப்பிட்டு, தூங்குறப்போதான் அது தன்னைத் தேத்திக்கும். நீ இறக்கியே வெக்கலையே, அது எப்பத் தேறும்?"

"கதவு அக்கா?"

"நான் பதினஞ்சு வருஷமாத் தூக்குறேன் கண்ணு. சேந்த புதுசுல வீட்டுக்குப் போனா சோத்துத் தட்டுலயே தூங்கிடுவேன்" என்றாள் கதவு.

கோச் அவளை அனுப்பிவிடவில்லை. அதைவிடக் கொடுமையாக, ஒரு வாரத்துக்கு ஜிம் பக்கமே வரக் கூடாது என்றுவிட்டார். நண்டு வீட்டில் கூண்டுப் புலி மாதிரி சுற்றினாள். பக்கெட்டைத் தூக்கப் போனால் அம்மா பிடுங்கிக்கொண்டாள். திரும்பிப் போய் எம்பியபோது கோடு பழைய உச்சத்தைத் தாண்டி மூன்று விரற்கடை மேலே விழுந்தது. அக்கா எழுந்து போய் விரலை வைத்து அளந்து பார்த்தாள், இரண்டு முறை.

பயிற்சி ஆட்டத்தில் கதவு எதிரணி. முதல் பந்திலேயே தோளைக் கொண்டுவந்தாள். நண்டு தள்ளாடினாள், ஒரு கையை ஊன்றினாள், விழவில்லை. அடுத்த முறை கதவு நெருங்குமுன் இவளே குந்தித் தாழ்ந்து தன் தோளைக் கொடுத்தாள். சட்டையும் சட்டையும் உரசின. பந்து இடப்பக்கம் போனது, கூடவே நண்டும். அக்கா போட்ட கூச்சலில் கோச் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் ஆட்டம் போகப்போக நண்டின் கால் கனத்தது. பாதிக்கு முன்பே ஒருமுறை விழுந்தாள். பிறகு எத்தனை முறை என்று அக்கா பார்க்க விரும்பவில்லை.

முடிந்ததும் கோச் வந்து அவர்கள் முன்னால் நின்றார்.

"இருபது நிமிஷம் நீ பெரியவ. இருபத்தொண்ணாவது நிமிஷம் திரும்ப ஸ்கூல் பொண்ணு. இந்த சீசன்ல கடைசி இருபது நிமிஷத்துக்கு இறக்குவேன். முழு ஆட்டம் இப்போ கேக்காத. சம்மதமா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாளோ, அழுவாளோ? நண்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"கோச், அடிபட்டா ஆட்டத்தை நிறுத்துவாங்கல்ல, அந்த நேரத்தைக் கடைசியில சேப்பாங்களே. அது இருபதுக்குள்ள வருமா, தனியா?"

"டீம்ல சேத்து அஞ்சு நிமிஷம் ஆகல, ஓவர்டைம் கேக்குறா பாரு!" என்று கதவு அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"தனி" என்றார் கோச். "செவ்வாக்கிழமை வந்துடு."