ஞானகுமாரி அக்கா அதிபருக்குப் போட்ட பூசை

கள்ளிக்குப்பம் ஞானகுமாரி அக்காவுக்குப் பெரம்பூர் துணிக் கம்பெனியில் பட்டன் சரிபார்க்கிற வேலை. காலை ரயிலில் ஏறிவிட்டால் மட்டும் படைத்தளபதி. வளைகுடாப் பக்கம் இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டதிலிருந்து ஒரே பேச்சுதான்.

"அந்தப் பெரிய நாட்டு அதிபரு இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீறாரு? படைய எறக்கி ஒரே போடு போட வேணாமா?"

அம்பத்தூரில் தொடங்கினால் பெரம்பூர்வரை ஓயாது. எதிரில் உட்காரும் என் காதுதான் பாவம்.

பிறகு அந்த அதிபர் படை அனுப்புவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்வதாக அறிவித்தார். அனுப்பினால் சுற்றுவட்டார விமானங்களெல்லாம் நின்றுவிடுமாம். அக்கா மகள் ரோஷினிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ஆன்டோ அந்தச் சண்டைக்குப் பக்கத்து நாட்டில்தான் ஏசி மெக்கானிக். சண்டை வேறு ஊரில்தானே என்று அக்கா அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. கல்யாணமோ அந்தத் திங்களுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை. அதை விட்டால் சாம்பல் புதன், நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆன்டோவுக்கு அடுத்த லீவு அடுத்த வருஷம்.

அக்கா ரயிலில் வாயே திறக்கவில்லை. அவர் கத்தினாலே தேவலை என்றிருந்தது எனக்கு.

ஞாயிறு பூசையில், யார் யாருக்காகப் பூசை என்று எழுதிக் கொடுக்கிற கருத்துகளை வாசிப்பது நான்தான். சீட்டில் பெயர் இருப்பவர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள். போகிற வேகத்தில் கடைசி வரியையும் அவர்களோடு சேர்த்துவிட்டேன்.

"ஆரோக்கியசாமி, தாயம்மாள், மற்றும் அதிபர் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர் ஞானகுமாரி."

கோயிலே திகைத்தது. மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்துவிட்டார்.

"அய்யய்யோ ஸ்வீட்லினு! அவரு உசுரோட கீறாருடி! நல்ல புத்தி குடு சாமின்னுதான் எழுதிக் குடுத்தேன்!"

சாமியார் சிரிப்பை மறைக்கப் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மானம் போனது.

திங்கட்கிழமை காலை, படை அனுப்பப் போவதில்லை என்று அதிபர் சொல்லிவிட்டார். வியாழன் அன்று ஆன்டோ வந்து இறங்கினான். கல்யாணப் பந்தலில் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "நீ சாவடிச்சும் பூசை பலிச்சிடுச்சிடி!" என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் ரயிலில், எங்களோடு வரும் சுதா செல்போனைப் பார்த்துவிட்டு, வேறெங்கோ நடக்கிற சண்டையைப் பற்றிச் சூடானாள்.

"இவங்கள சும்மா உடக் கூடாதுக்கா. படைய எறக்கணும்."

பெட்டியே தளபதியைப் பார்த்தது. அக்கா டிபன் டப்பாவை மூடினார்.

"அங்கயும் எவளோ ஒருத்தி பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகினு குந்தியிருப்பாடி," என்றார்.