தொட்டி ஏன் இறங்கியது

பெர்னடெட்டுக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனால் கல்யாணமாகி ஈப்போ சிலிபினுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த நேரம் கொஞ்சமல்ல. கணவன் ராட்னி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரேக்கில் சேர்ந்த காற்றை எடுப்பான். அவன் "அமுக்கு" என்றால் பெடலை அமுக்க வேண்டும். "புடி" என்றால் பிடித்துக்கொள்ள வேண்டும். "விடு" என்றால்தான் விட வேண்டும். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரலுக்குக் காலும் கையும் தானாகவே நகர அவள் பழகியிருந்தாள்.

ராட்னி சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது லயத்து வீடுகளும் போயின. அவன் ஈப்போவுக்கு வந்து லாரி ஓட்டப் பழகினான். பிறகு யாரோ கழித்துவிட்ட பழைய ஜப்பான் லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். காம்பாரில் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து மணல் ஏற்றி வருவதுதான் தொழில். அந்த லாரியை அவன் பட்டறைக்கு அனுப்பியதே கிடையாது. ஸ்டார்ட்டர் இழுக்காவிட்டாலும், ரேடியேட்டர் ஒழுகினாலும், கியர் மாட்டிக்கொண்டாலும் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தி அவனே பார்த்துக்கொள்வான்.

மணலைச் சாய்த்துக் கொட்டும் பின்தொட்டியை இறக்கும் கைப்பிடி துருவேறி ஒடிந்தபோதும் அப்படித்தான். பழைய இரும்புக் கடையில் கிடந்த வேறொரு லாரியிலிருந்து கரண்டில் வேலை செய்யும் வால்வைக் கழற்றி வந்து பொருத்தினான். அதற்குப் பிறகு தொட்டியை இறக்க ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். கரண்டு பாய்ந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் திரும்பி ஓடும், தொட்டி தன் கனத்திலேயே இறங்கிவிடும். அந்தச் சுவிட்சை லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

போன மழைக்காலத்தில் பின்விளக்குகள் தகராறு செய்யத் தொடங்கின. காலையில் எரியும், மாலையில் எரியாது. திடீரென்று பியூஸ் போகும். ராட்னி பல்பை மாற்றினான். எர்த் ஒயர் பிடித்திருந்த இடத்தைத் தகடு பளபளக்கும்வரை சுரண்டி இறுக்கினான். ஒவ்வொரு தடவையும் சரியானதுபோல் இருந்து, மறுபடியும் பழைய கதையே. கடைசியில் உள்ளே எங்கோ ஒயர் உரசித் தேய்ந்திருக்கிறது என்று முடிவு செய்தான். அந்த இடத்தைப் பார்க்கத் தொட்டியைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்து தொட்டியைத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே தலையை நுழைத்தான். தொட்டிக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கம்பி எந்தக் காலத்திலோ வளைந்து, கழற்றிப் போட்டாகிவிட்டது. வழக்கமாக ஒரு பெரிய மரக்கட்டையை நிறுத்துவான். அன்றைக்கு அந்தக் கட்டை சுவரோரமாகச் சாய்ந்தபடியே இருந்தது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்றான். பெர்னடெட் ஏறி உட்கார்ந்தாள்.

"பெர்னா, லைட்டப் போடு."

அவள் போட்டாள். தொட்டி இறங்கியது.

போம்பா வண்டி வந்து, தீயணைப்புக்காரர்கள் தொட்டியை நெம்பித் தூக்கி அவனை வெளியே எடுத்தார்கள். போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. துக்க வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, ராட்னியின் அம்மா குழந்தையம்மாள் கேட்டார்:

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு சுவிட்ச். எதத் தட்டுனா இவ?"

எதைத் தட்டினோம் என்று பெர்னடெட்டுக்கே தெரியவில்லை. லைட் சுவிட்ச் என்றுதான் கை போனது. கண் போகவில்லை, கண் பக்கத்துக் கண்ணாடியில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் குழந்தையம்மாள் துணிமணியைக் கட்டிக்கொண்டு சுங்காயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது மருமகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பெர்னடெட் ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை முடிந்து வந்தால் லாரி அங்கேயே நின்றது. டயரைச் சுற்றி லாலாங் புல் வளர்ந்தது. வீட்டில் விளக்கைப் போடும்போதெல்லாம் விரல் எந்தச் சுவிட்சில் இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டே தட்டினாள். சில நாள் அதுவும் முடியாமல் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள்.

ஒருநாள் தர்மேந்திரன் வந்தான். காம்பாரில் பழைய லாரிகளை வாங்கிப் பிரித்து விற்கிறவன்; ராட்னிக்குப் பழக்கம்.

"அக்கா, இது இங்க நிக்கிறது நல்லா இல்லலா. தினம் நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க. நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க. அதுக்கு முன்னாடி நான் ஒன்னு பாக்கணும். ஒரு பேட்டரி மட்டும் குடு."

பழைய பேட்டரி செத்துப்போய், முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் ஒயர்களைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவி, தர்மேந்திரன் கொடுத்த பேட்டரியில் மாட்டினாள். ராட்னி வைத்திருந்த சோதனை பல்பை எடுத்தாள். ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும், அவ்வளவுதான். வால்வுக்குப் போகும் ஒயரைக் கழற்றி அதன் நுனியில் பல்பின் ஒரு ஒயரை மாட்டினாள், மற்றதை இரும்புச் சட்டத்தில் பிடிக்கவைத்தாள். இனி வால்வுக்குக் கரண்டு போனால் பல்பு எரியும், தொட்டி அசையாது.

ஏறிப் போய்த் தொட்டிச் சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கி வந்து பார்த்தாள். எரிந்தது. அதை அணைத்துவிட்டு லைட் சுவிட்சைப் போட்டாள். இறங்கி வந்தாள். எரியவில்லை.

மறுபடி போட்டாள். எரியவில்லை.

லைட் சுவிட்சால் வால்வுக்குக் கரண்டு போகாது என்றால், அன்றைக்குத் தட்டியது மற்றதைத்தான். அத்தை கேட்டது சரிதான். பல்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வீட்டுக்குள் போய்ப் படுத்தாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் லாரிப் பக்கமே போகவில்லை. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் புஷ்பலதா, "என்னக்கா இப்படி இளைச்சிட்டீங்க, கிளினிக் போங்களேன்" என்று தினமும் சொன்னாள். இவள் தலையை ஆட்டினாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, என்ன பாவம் என்று சாமியாரிடம் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்தாள்.

ஈரப் போர்வைகளை உலர்த்தியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது உறைத்தது. ராட்னி எந்த ஒயரையும் சும்மா தொங்கவிட்டுப் பார்த்ததில்லை. ஆட்டுவான், இழுப்பான், முறுக்குவான். அன்றைக்கு அவன் கை ஒயரில் இருந்தது. தொட்டியும் மேலே இருந்தது. அவள் சோதித்தபோதோ தொட்டி கீழே, ஒயர் சும்மா கிடந்தது.

தர்மேந்திரனுக்குப் போன் செய்தாள். தொட்டியைச் சங்கிலி போட்டுத் தூக்க வேண்டும், இரண்டு பக்கமும் இரும்பு முட்டு வேண்டும் என்றாள்.

"எதுக்குக்கா? தெரிஞ்சி என்ன ஆவப்போவுது? அண்ணன் வரப்போறாரா?"

"எனக்குத் தெரியணும் தர்மேந்திரா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வந்தபோது அவன் தூக்கி முட்டுக் கொடுத்து வைத்திருந்தான். அவளே ஒவ்வொரு முட்டாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டத்தின் மேல் ஏறினாள்.

"அக்கா, நீங்க சீட்டுல உக்காருங்க. நான் பாக்கிறேன்."

"இல்ல. நீ போய் உக்காரு. நான் சொன்னா லைட்டப் போடு."

ராட்னி தலை வைத்த இடத்தில் அவள் தலையை வைத்தாள். மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது. துருவும் கிரீஸும் கலந்த வாடைதான் இருந்தது. தொட்டியின் கீல் அருகே ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கறுப்புத் துணி டேப்பால் சுற்றியிருந்தது. லைட் ஒயரும் வால்வு ஒயரும் அதற்குள்தான் போயின.

"போடு," என்றாள்.

பின்விளக்கு எரிந்தது. சோதனை பல்பு எரியவில்லை. அவள் ஒயர்க்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

பல்பு எரிந்தது.

விட்டாள், அணைந்தது. இழுத்தாள், எரிந்தது. தர்மேந்திரன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "ஐயோ கடவுளே" என்று மட்டும் சொன்னான். அவள் டேப்பைப் பிரித்தாள். தொட்டி ஏறி இறங்கும்போதெல்லாம் கீலில் உரசி, இரண்டு ஒயரும் தோலுரிந்து பச்சை பூத்திருந்தன. செம்பும் செம்பும் தொட்டால் லைட்டுக்குப் போகும் கரண்டு வால்வுக்கும் போகும். அவன் வாரக்கணக்கில் தேடியது இதைத்தான். தேடிப் பிடித்து இழுத்த நேரத்தில் அவள் லைட்டைப் போட்டிருக்கிறாள்.

இறங்கி நின்று அவள் அழுதாள். சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. கை தப்பவில்லை, லைட் சுவிட்சைத்தான் தட்டியது. ஆனாலும் அந்தக் கைதான் தட்டியது.

அடுத்த விடுமுறையில் பஸ் ஏறிச் சுங்காய் போனாள். குழந்தையம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. பெர்னடெட் படியில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். கிழவி கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

"அந்த ஒயர யாரு மாட்டுனது?"

பெர்னடெட் இதை எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் தன் விரலைப் பற்றியே நினைத்து வந்திருந்தாள்.

"அவருதான் அத்தே."

"டேப்பு சுத்துனது?"

"அவருதான்."

"அப்ப எம்மவன் தன்னத்தானே கொன்னுக்கிட்டான்னு சொல்றதுக்குத்தான் பஸ் புடிச்சி வந்தியா?"

"அப்படி இல்ல அத்தே. லைட்டப் போட்டது நான்தான். அவரு சொன்னாரு, நான் போட்டேன்."

"நீ பேசாம இருந்திருக்கலாம். உம்மேல கோவப்பட்டுக்கிட்டாச்சும் இருந்திருப்பேன்."

கிழவி கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெர்னடெட்டும் எழுந்து வெளிக்கதவுவரை நடந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரொம்ப வலிச்சிருக்குமா அவனுக்கு?"

"இல்ல அத்தே. ஒடனே போயிட்டாரு."

அது உண்மையல்ல. போம்பா வரும்வரை அவனுக்கு மூச்சு இருந்தது. வெளியே நீட்டியிருந்த காலைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த மூச்சைக் கேட்டபடி இருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனாள். ஆனால் கிழவியின் முகத்தைப் பார்த்தபோது இதைச் சொல்ல நா எழவில்லை.

அதற்கடுத்த வாரம் தர்மேந்திரன் லாரியை இழுத்துப் போனான். பிரித்த ஒயர்களை யாருக்கும் விற்காமல் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும் என்று பெர்னடெட் கேட்டிருந்தாள். அவன் வெட்டுகிறானா என்று பார்க்க அவளே காம்பாருக்குப் போனாள். அவன் கொட்டகையில் வேறொரு லாரியின் தொட்டி தூக்கியபடி நின்றது. அதற்குக் கீழே ஒரு ஆள் இடுப்புவரை நுழைந்து ஸ்பானரைத் திருப்பிக்கொண்டிருந்தான். முட்டு இல்லை.

"வெளிய வா! வெளிய வா!" என்று கத்தினாள். அந்த ஆள் பயந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். கோபத்தோடு தர்மேந்திரனைப் பார்த்தான்.

"அக்கா, இது தெனம் பண்ற வேலைலா," என்றான் தர்மேந்திரன். அவனுக்கே கூச்சமாக இருந்தது. குரல் தாழ்ந்தது.

"முட்டு வை."

"இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும்."

"முட்டு வை தர்மேந்திரா. வைக்காம நான் போமாட்டேன்."

அவள் தொட்டிக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். அவன் போய் இரும்பு முட்டுகளை இழுத்து வந்தான். இரண்டு பக்கமும் நிறுத்திய பிறகுதான் அவள் நகர்ந்தாள். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உள்ளே நுழைந்தான். ஒயர்களை வெட்டி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

மறுநாளும் முட்டு வைத்தார்களா என்று அவளுக்குத் தெரியாது.