கரண்ட் இல்லாத மதியத்தில் ஓடிய டிரம்

வீட்டைக் காலி செய்துவிடு என்று ரெஜினா ஆன்ட்டி சொன்னபோது என் கையில் அவர் போட்டுக் கொடுத்த காபி இருந்தது. ஆன்ட்டி அப்படித்தான். திட்டுவதாக இருந்தாலும் காபி கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார். நாலு மாத வாடகை பாக்கி. என்னோடு முழங்கால் போட்டு ஜெபித்தவர்தான். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் சாவிய குடுத்துடு சுகந்தி. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தர் அட்வான்ஸோட நிக்கிறாரு. எனக்கும் வேற வழியில்ல."

அன்பானவர்களே, இது தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூரில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நடந்தது. பல வருஷம் இதை நான் சபையில் சொல்லவில்லை. பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் பேய் ஓட்ட எண்ணெயோடு வந்துவிடுவார்கள் என்ற பயம். இன்று சொல்லிவிடுகிறேன். நம்புவது உங்கள் பாடு.

என் அப்பா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டியவர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப் என்றுதான் சொல்வோம். ஆன்ட்டி வீட்டின் பின்போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா வேலை செய்த ஷாப். கழிவுத் தண்ணீர் விவகாரத்தில் அந்த ஷாப்புக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்கள். வேலை போனதும் அப்பாவும் அம்மாவும் நெமிலிப் பக்கம் மாமாவின் நிலத்தில் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். நான் பி.எஸ்சி. கடைசி வருஷம். பரீட்சை முடியும்வரை இங்கேயே இரு, பணம் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பணம் வரவில்லை. அந்தப் பக்கம் மழையும் வரவில்லை.

நெமிலியிலிருந்து தினமும் ஆம்பூர் வந்து பரீட்சை எழுதுவது நடக்கிற காரியமில்லை. வீடு போனால் படிப்பு போகும். கம்மல் ஏற்கெனவே அடகுக் கடையில். கூடப் படித்தவர்களிடம் கேட்டேன். அவர்கள் என்னைவிட மோசம். சபைப் பெரியவர் ஒருவரிடம் கேட்கப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

படிப்பு விடுமுறை என்பதால் பகலெல்லாம் வீட்டில்தான். வியாழக்கிழமை மதியம் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அழகான ஜெபமெல்லாம் வரவில்லை. "ஏதாவது அனுப்புங்க ஆண்டவரே, எதையாவது அனுப்புங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த நேரத்தில் வழக்கம்போல கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல நின்றது. தெருவே அடங்கிப்போனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் ஓடியது.

டிரம் என்றால் ஒரு அறை அளவுக்கு உருண்டையான மரப்பீப்பாய். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுச் சுற்றவிடுவார்கள். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் அதன் பக்கத்தில் நின்றே வளர்ந்தவள் நான். காலி டிரம் கடகடவென்று சத்தம் போடும். சரக்கு ஏற்றிய டிரம் அப்படியில்லை. மேலே போன தோல் மொத்தமாகக் கீழே விழும்போது தொப்பென்று ஒரு கனத்த சத்தம், பிறகு தண்ணீர் இழுபடும் சத்தம், மறுபடி தொப். நான் கேட்டது சரக்கு ஏற்றிய டிரம். அதிலும் அப்பா ஓட்டிய டிரம். அதில் ஒரு பலகை கொஞ்சம் தளர்வு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் வரும். அந்த முனகலும் கேட்டது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சீல் வைத்த ஷாப்பைத் திருட்டுத்தனமாக ஓட்டுவது எங்கள் பக்கத்தில் நடப்பதுதான். அப்படி ஓடினால் தெருவில் யார் காதிலும் விழாது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து டிரம் சத்தம் கேட்டதா என்று விசாரித்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட "இன்னா சத்தம் சார்?" என்று கேட்கும். யாரோ ஒருவர் வீட்டுக் கூலி அதில் இருக்கிறது. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்வது எங்கள் தெருவின் ஒழுக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் ஆன்ட்டியிடம் மெதுவாக விசாரித்தேன். ஆன்ட்டி அரிசி புடைத்தபடியே, "இன்னா சத்தம்?" என்றார். எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் கேட்டேன். அவர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சிரித்தார். கேட்டுவிட்டுச் சொல்லவில்லையா, கேட்கவே இல்லையா? எங்கள் தெருவில் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி கரண்ட் போனது. மறுபடி டிரம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும்? ஜெனரேட்டர் என்றால் அது போடும் சத்தத்தில் தெருவே அதிருமே. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தொப்புக்கும் சுவர் லேசாக நடுங்கியது. கையை எடுத்தேன்.

அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். கையிலிருந்த சில்லறையை எடுத்துக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். மாமா வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தேன். அப்பா மூச்சிரைக்க வந்து, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார். குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். வாடகை விஷயத்தைச் சொல்லவில்லை. டிரம் விஷயத்தையும் சொல்லவில்லை. சும்மாதான் பேசணும்போல இருந்தது என்றேன்.

அன்று வேதாகமத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தேன். கேட்பது ஆண்டவரிடமிருந்தா, பிசாசிடமிருந்தா என்று தெரியவில்லை. ஜெபம் வாயில் வரவில்லை. பதில் கேட்டால் இப்படியா பயமுறுத்துவீர்கள் என்று கோபம்தான் வந்தது.

சனிக்கிழமை மதியம் கட்டிலில் உட்கார்ந்து கரண்ட் போவதற்காகவே காத்திருந்தேன். போனது. டிரம் தொடங்கியது. நான் எழுந்துவிட்டேன். எனக்குத் தைரியம் வந்தது என்று நினைக்காதீர்கள். தைரியம் இல்லை, பசிதான். டிரம் ஓடினால் வேலை இருக்கும். வேலை இருந்தால் கூலி இருக்கும். தோல் ஓரம் வெட்டத் தெரியும், உப்பு உதறத் தெரியும். பாதி வாடகையாவது முன்பணமாகக் கேட்கலாம். "ஓட்டுறது பேயா இருந்தாலும் பரவாயில்ல ஆண்டவரே, கூலி குடுத்தா போதும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஷாப்புக்குப் பின்னால், ஓடை ஓரமாக, காவலாளி வந்துபோக ஒரு சின்னக் கதவு உண்டு. முன்கேட்டில்தான் சீல். பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. வெயிலில் ஓடைப் பக்கம் ஒரு நாய்கூட இல்லை. கதவுக்கு வெளியே நிற்கும்போது டிரம் சத்தம் நெஞ்சுக்குள் விழுவதுபோல அத்தனை கனமாகக் கேட்டது. கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தேன்.

சத்தம் நின்றது.

அத்தனை பெரிய டிரம் அப்படி நிற்கவே நிற்காது. மோட்டாரை நிறுத்தினாலும் ஆடி ஆடி, முன்னும் பின்னும் போய்த்தான் ஓயும். இது வாயைப் பொத்தியதுபோல நின்றது. உள்ளே ஒரு ஆளும் இல்லை. தண்ணீர் இல்லை, தோல் இல்லை. காய்ந்த சுண்ணாம்பு வாடை மட்டும்தான். திரும்பி ஓடிவிடத்தான் நினைத்தேன்.

அந்த அமைதியில், தரைக்குக் கீழேயிருந்து, யாரோ மூச்சு இழுத்தார்கள்.

தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகள் வரிசையாக இருக்கும்; தரையில் வெட்டிக் கட்டிய ஆழமான தொட்டிகள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். ஓரத்துத் தொட்டியில் காவலாளி காதர் பாய் கிடந்தார். எங்கள் அப்பாவோடு பீடி பங்கிட்டுக் குடித்தவர். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஆன்ட்டி முழுசாகக் கேட்கக்கூட இல்லை. அவர் ரிட்டயர்டு நர்ஸ். தையல்கார அக்காவையும் தெரு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு வந்தார். அந்த வயதில் ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கினார். யாரும் தூக்கக் கூடாது, இடுப்பு எலும்பு என்று அதட்டினார். முந்தானையை நனைத்து பாய் உதட்டில் பிழிந்தார். ஒரு பலகையில் படுக்கவைத்து அவரை மேலே ஏற்றினோம்.

வியாழக்கிழமை காலை பாய் கால் தவறி விழுந்திருக்கிறார். பாயின் மனைவி வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவரைத் தேட ஆளில்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இருந்தாலும் வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து இழுத்து ஒன்று கேட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"யாரும்மா டிரம் ஓட்னது?"

அவருக்கும் கேட்டிருக்கிறது. ஷாப்பைத் திறந்துவிட்டார்கள், ஆள் வந்துவிடும் என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் உயிரை வைத்திருந்திருக்கிறார். தையல்கார அக்கா என்னிடம் வந்து, அவர் பிள்ளைகள்மேல் சத்தியமாக அவருக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். நான் உளவு பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்துத்தான் அன்றைக்குச் சிரித்தாராம். ஆன்ட்டிக்கும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். உயிரைக் காப்பாற்றினாலும் பாக்கி பாக்கிதானே. அப்போது ஷாப் முதலாளி வந்தார், கூடவே காதர் பாயின் மனைவி. டிரம் ஓடியதாக பாய் சொல்லியிருந்ததால் முதலாளி என்னையும் ஆன்ட்டியையும் ஷாப்புக்குள் அழைத்துப் போய் அப்பாவின் டிரம்மைக் காட்டினார். மோட்டாரை என்றைக்கோ விற்றுவிட்டார்கள். பெல்ட் கிடையாது. பலகைகள் காய்ந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தன. டிரம்முக்கும் அது நிற்கும் மரத்துக்கும் நடுவே சிலந்தி வலை, ஒரு நூல் அறாமல். முதலாளி குனிந்து மரத்தில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. எதையோ வாய்க்குள் ஓதிக்கொண்டு வெளியே போய்விட்டார். என்ன கேட்டது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஒரு கைக்குட்டை முடிச்சை என்னிடம் நீட்டினார். ஷாப்பைத் திறக்க மனு போட்டிருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். டிரம் ஓடியது என்று நான் வெளியே சொன்னால் அந்த மனு அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. வாயை அடைக்கத்தான் காசு என்று புரிந்துகொண்டேன். ஆண்டவர் செய்ததை விற்றுத் தின்னவா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றேன். சொன்ன அடுத்த நொடியே, கட்டிவைத்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. திரும்பவும் கேட்டால் வாங்கிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம்.

முதலாளிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"அதுக்கு இல்லம்மா இது. ஒரு உசுரு திரும்பி வந்துருக்குது, அந்த உசுருக்கு சதக்கா. நீ யார்கிட்ட சொல்லணும்னாலும் சொல்லிக்கோ."

உயிர் பிழைத்ததற்கு நன்றியாகக் கொடுப்பதை அவர்கள் சதக்கா என்பார்கள். காதர் பாயின் மனைவி அந்த முடிச்சை வாங்கி, என் கையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார். வாடகை பாக்கி இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆன்ட்டியும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தால் பாக்கியும் பரீட்சை முடியும்வரை வாடகையும் அதில் இருந்தது. ஆன்ட்டி எச்சில் தொட்டு எண்ணி முழுசாக வாங்கிக்கொண்டார்; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு சூப்பர்வைசருக்கு வீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, எனக்குக் காபி போட்டார்.

பரீட்சை எழுதினேன். தேறினேன். இன்று சத்துவாச்சாரியில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். கர்த்தருக்கே மகிமை.

இதை முதன்முதலில் ஒரு சகோதரியிடம் தனியாகச் சொன்னபோது அவர், வேதாகமத்தில் தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்ததுபோல, கர்த்தர் காகத்தைக் கொண்டும் போஷிக்கிறவர் என்றார். பாய் வீட்டாரைக் காகம் என்று சொல்லாதீர்கள் என்று எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் காதர் பாயைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னது என் காதில் இருக்கிறது. தொட்டிக்குள் கிடந்து அவரும் தொழுதிருக்கிறார். "யாரையாவது அனுப்பு" என்று கேட்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நான், "எதையாவது அனுப்புங்க" என்று.

அதற்குப் பிறகு எனக்காக நான் ஜெபிக்கிற விதம் மாறிவிட்டது. கேட்பதைக் கேட்டுவிட்டு, எழுந்து வெளியே ஒருதரம் பார்த்துவிட்டு வருவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கடனோ, வியாதியோ, குடியிருக்க இடமில்லாத கவலையோ, நம்பி அவரிடம் சொல்லுங்கள். சொன்னதோடு உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கு நான் பயந்து கட்டிலிலேயே இருந்திருந்தால் வீடு போயிருக்கும், படிப்பு போயிருக்கும். அதையெல்லாம் பின்னால் சம்பாதித்திருக்கலாம். காதர் பாயைச் சம்பாதித்திருக்க முடியாது.

பாய் இப்போதும் இருக்கிறார், கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவருடைய ஆட்களிடம் அவரும் இதைச் சாட்சியாகச் சொல்கிறாராம். அவர் சொல்லும் கதையில் வாடகை இல்லை, ரெஜினா ஆன்ட்டி இல்லை, பரீட்சை இல்லை. தொட்டிக்குள் கிடந்து யாரையாவது அனுப்பு என்று அவர் கேட்டார், ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.