பதினைந்தாவது இணைப்பு

சித்தூருக்கு வெளியே இருக்கும் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் பத்மினி. நாற்பதைத் தாண்டிவிட்டாள். சீசன் முடிந்துவிட்டால் அங்கே ஈ காக்கை இருக்காது. வாட்ச்மேன் கேட்டோடு சரி. ஆபீசில் அவளும் சர்வரும்தான். அவள் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சைத் தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். கேட்டால் பழகிவிட்டது என்பாள். தனிமை யாருக்கும் பழகுவதில்லை, அப்படிச் சொல்ல வாய்தான் பழகிக்கொள்ளும்.

திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தபோது நைனா போய்விட்டார். கிடைத்த வேலையில் சேர்ந்தாள். தம்பி கோபிகிருஷ்ணனைப் படிக்க வைத்தாள், தங்கை ஷோபாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். உனக்கு எப்போது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து மாலை போடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. இலையில் சோறு போட மறந்துவிட்டு, இவளுக்குப் பசியே எடுக்காது என்று புகழ்கிற கூட்டம்.

ஃபேக்டரியில் எடைமேடை, லேப், டப்பா அடைக்கும் இடம், கணக்கு ரூம் எல்லாவற்றுக்கும் ஃபைல்கள் அந்த ஒரே சர்வரில்தான். எந்தக் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். சர்வரோ கிழடு. போன சீசனில் ஆளாளுக்கு லேப்டாப்பையும் சேர்த்து மாட்டி ஒரே நேரத்தில் மொய்த்ததில் அது படுத்தே விட்டது. பழ லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. வசவு முழுக்கப் பத்மினி தலையில் விழுந்தது. அதனால் இந்த வருடம் இணைப்புக்கு ஒரு வரம்பு வைத்தாள்: இத்தனை கம்ப்யூட்டருக்குத்தான் இடம், மேலே ஒன்று வந்தாலும் சர்வர் கதவைத் திறக்காது. ஒவ்வொரு ரூமாகப் போய் எண்ணிப் பார்த்தாள். பதினான்கு வந்தது. அதையே போட்டுவிட்டாள்.

சீசன் தொடங்கும் நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மிஷின், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, ஐயர் குறித்த நல்ல நேரத்தில் எல்லாரும் ஒன்றாக ஆன் பண்ண வேண்டும். அதற்கு முன்னால் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. மற்ற நாளில் முதல் ஆளாக ஆன் பண்ணுகிறவள் பத்மினி. அன்றைக்கோ கற்பூரத் தட்டு அவள் கையில். எல்லா ரூமும் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் தன் மேஜைக்கு வந்தாள். ஆன் பண்ணினால், இணைப்பு இல்லை என்றது சர்வர். கேபிளைப் பிடுங்கி மாட்டினாள். மறுபடியும் அதே பதில். அப்புறம்தான் உறைத்தது. ஊரை எல்லாம் எண்ணியவள் தன் கம்ப்யூட்டரை எண்ணவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. மேனேஜர் வரதராஜனிடம் போனாள்.

“என் மிஷின் மட்டும் கனெக்ட் ஆவல சார். ஒரு நிமிஷம் சர்வர நிறுத்திப் போடணும்.”

“மத்தவங்கள்து ஓடுதா?”

“ஓடுது சார்.”

“பனி ஆகலேது கதா? வேலை நிக்கலயே. நல்ல நேரத்துல எதுக்கும்மா நிறுத்தற? சாயந்திரம் பாத்துக்கோ.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. எடைமேடைக் கம்ப்யூட்டர் விடுபட்டிருந்தால் இந்நேரம் கூச்சல் கேட்டைத் தாண்டியிருக்கும். இவளுடையது விடுபட்டால் கேட்பார் இல்லை. சாப்பாட்டு நேரம் வரை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தம்பியிடமிருந்து போன். ஒரே ஊர்தான், ஆனாலும் பேச்சு போனில்தான்.

“யக்கா, ஞாயித்துக்கெழம யஸ்வந்துக்குத் திருமலையில மொட்ட. வேன் பேசிக்கினோம்.”

“யார் யார்டா போறீங்க?”

“நாங்க, அம்மா, ஷோபா வீட்ல, என் மாமியார் வீட்ல. வேன் ஃபுல்லு. நீ சீசன விட்டுட்டு எங்க வரப்போற, அதான் உன்ன எண்ணல.”

“பரவால்லடா” என்றாள். அவள் வாய்க்கு அந்த ஒரு பதில்தான் தெரியும். தம்பி மகன் யஸ்வந்த் முதன்முதலில் நடந்தது இவள் விரலைப் பிடித்துத்தான். அது தம்பிக்கு ஞாபகம் இல்லை, இவளுக்கு மறக்கவில்லை.

சாயந்திரம், நல்ல நாளில் அணைக்கக் கூடாது என்று கம்ப்யூட்டர்களை ஓடவிட்டு எல்லாரும் கிளம்பிய பிறகு பதினான்கை அழித்துப் பதினைந்து என்று போட்டாள். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். இணைந்தவர்கள் பட்டியலில் கடைசியாக அவள் கம்ப்யூட்டரின் பெயர் வந்து நின்றது. ஒரு எண்ணை மாற்ற இவ்வளவுதான் வேலை. அந்தத் தைரியத்தில் போனை எடுத்தாள்.

“கோபி, நானும் வரேன். லீவு கேட்டுக்கறேன். வேன்ல என்னயும் ஒரு ஆளா எண்ணுடா.”

தனக்கென்று அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

“இப்ப வந்து சொன்னா எப்டிக்கா? எடமே இல்ல. நீ பஸ்ல வந்துடேன், அலிபிரி அடிவாரத்துல பாத்துக்கலாம்.”

“சரிடா.”

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள். யஸ்வந்துக்கு ஒரு தொப்பி வாங்கி வைத்திருந்தாள், மொட்டைத் தலைக்கு வெயில் ஆகாது. கண்டக்டர் விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். அந்த விரல் தன் பக்கமும் நீண்டபோது, அசட்டுத்தனம்தான், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

பாகாலா தாண்டியதும் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்தியது. முன் ஜன்னலில் யஸ்வந்த். பத்மினி எழுந்து கையை ஆட்டினாள். குழந்தை பார்க்கவில்லை. வேன் மெதுவாகக் கடந்துபோனது. பின் சீட்டில் ஜன்னலோரமாக, வழிநடைக்குக் கட்டிய புளிச்சோற்றுக் குண்டான் தனியாக உட்கார்ந்திருந்தது. சாயாமல் இருக்க அதைத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு இடம் வைக்க யாரும் மறக்கவில்லை.