புளித்த தண்ணீரில் ஊறிய மூடி

ஸ்தனிஸ்லாஸுக்கு அறுபத்திரண்டு வயது. ஏற்காடு கடைவீதிக்குக் கீழே பட்டறை. முப்பது வருடம் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். குளத்து மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றால், மூச்சைப் பிடித்து முங்கி, அடியில் இருக்கும் வால்வை அடைத்த சேற்றைத் தடவித் தடவி அள்ளியதும் அவர்தான். அந்த அடித்தரையை ஒரு தடவையாவது நனையாமல் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காக நாலு வருடமாக, ஒரு ஆள் உட்காரும் நீர்மூழ்கி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

உடம்பு முழுக்கப் பத்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு, முன்னால் ஒரு கண்ணாடி ஜன்னல். மேல் மூடியும் அது உட்காரும் வளையமும் மட்டும் அலுமினியம், பித்தளை போல்ட்டு. அலுமினியத்தை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்.

"இரும்பு ஊட்டுக்கு எதுக்குங்க வெள்ளி மூடி?" என்றார் மனைவி தேவகுமாரி.

"அழகா இருக்குதில்ல?"

தேவகுமாரி மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் உதவி நர்ஸ். கல்யாணச் சட்டைக்கே இஸ்திரி போடாத மனுஷன் இப்போது அழகு பேசுகிறார் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார்.

ஜனவரி கடைசியில், தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, வளையத்தின் அடியை அடைத்து, உள்ளே ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து, மூடியைப் பூட்டி, தலைச்சோலையில் எஸ்டேட் வைத்திருக்கும் அங்கப்பனின் காபிக்கொட்டை ஊறவைக்கும் தொட்டியில் இறக்கினார். பல்பர் ஓடி முடிந்து, புளித்த தண்ணீர் அதில் அப்படியே நின்றது. தண்ணீர் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டார். மறுநாளே எடுத்திருக்க வேண்டும். ஆனால் பழம் பறிக்கிற நேரம், எல்லா எஸ்டேட்டிலும் பல்பர் மக்கர். பத்து நாள் கழித்துத்தான் போக முடிந்தது.

செய்தித்தாள் கூழாகியிருந்தது. ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் முழுக்க வெள்ளைப் பொடி. பித்தளை தொட்ட இடமெல்லாம் அலுமினியம் எலி கடித்த மாதிரி குழிந்திருந்தது.

"உன் தண்ணியால மூடி கெட்டுப்போச்சு அங்கப்பா!"

"ஏனுங் மெக்கானிக்கண்ணா, புளிச்ச தண்ணி பட்டா போல்ட்டைப் பாருன்னு வருசா வருசம் எனக்குச் சொல்றது நீங்க. இப்ப என் தண்ணி மேல பழியா? மீனுக்குப் போட்டியாப் போறவருக்கு இது கூடத் தெரியாதுங்களா?"

ஸ்தனிஸ்லாஸ் மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, குழிகளில் பசை அடைத்து மேலே பெயின்ட் பூசப் பார்த்தார். ஏப்ரலில் இறங்குவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

தேவகுமாரி பெயின்ட் டப்பாவை நகர்த்தி வைத்தார். "சீழை உள்ள வச்சுக் கட்டுப் போடறீங்களா? இத்தனை எளக்கமா, லேசா இருக்கறதை எதுக்கு எடுத்தீங்க? கனம் தூக்க முடியலையா? வலது கையைத் தூக்குங்க பார்க்கலாம்."

தோள் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம்," என்றார். "இரும்பு மூடியை உள்ள இருந்து தள்ள முடியாது, குமாரி. அலுமினியம்னா முடியும்."

"தள்ள முடியாட்டி உள்ளயே இருந்திருப்பீங்க. இதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு?" கோபம் அவ்வளவோடு சரி. உடனே உட்கார்ந்து கேட்டார், "சரி, எந்த உலோகம் தாங்கும்?"

ஸ்தனிஸ்லாஸுக்கே அது தெரிந்த விஷயம்தான். மூடிக்கும் வளையத்துக்கும் போல்ட்டுக்கும் ஒரே ரக எவர்சில்வர். வேறு உலோகம் பக்கத்தில் வரக் கூடாது. ரப்பர் உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் கூடாது, லேத்தில் வழுவழுப்பாகக் கடைந்து கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். எவர்சில்வர் இரும்போடு சேரும் இடத்தில் எபாக்சி மூன்று பூச்சு. அப்படியும் மிச்சம் இருக்கும் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ள வெளியே ஒரு துத்தநாகக் கட்டி, கரைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கனத்துக்கு என்ன செய்வது? மூடியின் பின்பக்கம் ரயில்வே கேட் மாதிரி எதிர் எடை ஒன்றை வைத்தார்.

இறங்குவதற்கு முந்தின வாரம், பட்டறையில் அவரை உள்ளே உட்காரவைத்து, வலது கையை முக்கோணத் துணியால் மார்போடு கட்டினார் தேவகுமாரி. "இடது கையால பத்துத் தரம் திறங்க. ஒண்ணு குறைஞ்சாலும் குளத்துப் பக்கம் போகக் கூடாது."

பத்துத் தரமும் திறந்தது. அவர் பதினொன்றாவது தரமும் திறந்து காட்டினார்.

அங்கப்பனின் குளம் இருபத்திரண்டு அடி. சங்கிலியை ஜீப்பில் மாட்டி இறக்கினார்கள். கண்ணாடி வழியே தெரிந்தது வெறும் சேறு, அழுகிய சில்வர் ஓக் இலைகள், எப்போதோ தன் கையிலிருந்து நழுவிய ஒரு ஸ்பேனர். ஸ்தனிஸ்லாஸ் பன்னிரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைச் சுற்றித் தடவினார். காய்ந்திருந்தது. பழைய மூடி அந்தப் பத்து நாள் தொட்டியில் கிடக்காமல் போயிருந்தால், அதே அரிப்பை இந்தக் குளம் இரண்டு வருடத்தில் மெதுவாகச் செய்திருக்கும், தான் உள்ளே இருக்கும்போது.

மேலே வந்ததும் மூடி இடது கையில் திறந்தது. இந்தத் தடவையும் உள்ளே மடித்து வைத்திருந்த செய்தித்தாளை நீட்டினார். தேவகுமாரி ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துத் தொட்டுப் பார்த்தார்.

"அங்கப்பா, உன் புளிச்ச தண்ணிக்கு நொம்ப நன்றிப்பா," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"தண்ணிக்குச் சொல்லிட்டீங்க, சரி. கையைக் கட்டுனவங்களுக்குங்க?"

ஸ்தனிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தார். அவர் செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நன்றியெல்லாம் அப்புறம். திங்கட்கிழமை அந்தத் தோளை டாக்டர்கிட்டக் காட்டறீங்க," என்றார் தேவகுமாரி.

"சரிங்க," என்றார் ஸ்தனிஸ்லாஸ். அவர் மனைவியிடம் 'ங்க' போட்டுப் பேசியதை அங்கப்பன் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.