வெட்டுக்காட்டுப் பரணியும் சுசீந்திரத்துச் சம்பந்தியும்

திருவனந்தபுரத்துக் கடற்கரை மணலில் திராட்சைக்கொடி படர்ந்து கிடக்கும் என்று நாற்பத்தாறு வயது வரை நான் நம்பியிருந்தேன். சொன்னவர் கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். கொழும்பில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால், கடல் சம்பந்தமாக அவர் எதைச் சொன்னாலும் தெருவில் மறுத்துப் பேசுவதில்லை. "பறங்கிக்காரன் நட்டுவிட்டுப் போன கொடி. அங்கே வலை காயப்போடுவதே அதன் மேல்தான்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஒயின் ஒரு சொட்டு உள்ளே போனாலும் மூன்று நாளைக்கு மூக்கு நுனி சிவந்திருக்குமாம். முதலாவதை நம்பியதால் வெயிலில் அலைந்தேன். இரண்டாவதை நம்பியதால் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என் தங்கை கல்யாணியின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு நான் ஒரே மாமா. மதுரையில் வண்டி மாறி, செங்கோட்டை மலையைக் குகை குகையாகக் கடந்து, கொல்லம் வழியாக ஞாயிற்றுக்கிழமை காலை திருவனந்தபுரம் ஸ்டேஷனில் இறங்கினேன். உடம்பெல்லாம் கரி. தங்கை இருக்கும் கரமனை அங்கிருந்து ஒன்றரை மைல். குதிரைவண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கினார்.

"இங்கே கடற்கரையில் திராட்சை எந்தப் பக்கம் விளைகிறது?" என்று கேட்டேன்.

அவர் குதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி ஆதியமாட்டு வருகயாணோ?" என்றார். முதல் தடவையாக வருகிறேனா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். அவர் குதிரையைத் தட்டிவிட்டார்.

கரமனையில் தங்கை வீடு ஆற்றுக்குப் போகும் அக்கிரகாரத் தெருவில் இருக்கிறது. தங்கையின் புருஷர் சங்கரன் சர்க்கார் காரியாலயத்தில் குமாஸ்தா. குளித்துவிட்டு, தேங்காயெண்ணெய் மணக்கும் அடையைத் தின்றுகொண்டே திராட்சைத் தோட்டத்துக்கு வழி கேட்டேன். சங்கரன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

"தோட்டமா? அங்கே மணல்ல தெங்கு உண்டு, மீன் உண்டு. திராட்சை கிடையாது, கேட்டேளா. ஆனா ஒயின் உண்டு. வீஞ்ஞுன்னு சொல்லுவா. என் செக்‌ஷன்ல டைப்பிஸ்ட் சில்வெஸ்டர், வெட்டுக்காட்டுல வீடு. கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் பரணி வைப்பா. பரணின்னா ஜாடி."

எனக்குக் காது நிமிர்ந்தது. எங்கள் மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. ஒயின் என்பதை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். கொடியே இல்லாத ஊரில் ஒயின் எப்படி வரும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்பினால் தெருக்கோடிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

"இன்னிக்கு வேண்டாம்" என்றார் சங்கரன். "சாயங்காலம் சம்பந்தி வந்துடுவார்."

சம்பந்தி ராமசுப்பய்யர் சுசீந்திரத்துக்காரர். தாசில்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். போன வருஷம் வேறோர் இடத்து நிச்சயதார்த்தத்தில், அந்தப் பெண்ணின் சித்தப்பா கொல்லைப்புறத்தில் சுருட்டுப் பிடித்ததை மோப்பத்தாலேயே கண்டுபிடித்து, தாம்பூலத் தட்டைத் தொடாமல் பஸ் ஏறியவராம். கல்யாணி இதைச் சொல்லும்போது அவள் பெண் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது என்பதை அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டேன்.

"பார்த்துட்டு மட்டும் வந்துடறேன்" என்றேன்.

"அண்ணா, உன் நாக்கை இங்கேயே வச்சுட்டுப் போ" என்றாள் கல்யாணி.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கிழக்கேகோட்டையில் சங்குமுகம் பஸ் ஏறினேன். நாலு மைல் சொச்சம், கட்டணம் இரண்டரை அணா. கண்டக்டரிடமும் திராட்சையைப் பற்றி விசாரித்து வைத்தேன். "சங்குமுகத்திலே ஏரோப்ளேன் உண்டு சாரே, வேற ஒண்ணும் இல்ல" என்றார். ஏரோப்ளேனும் அன்று இல்லை.

கடற்கரையோரமாக வடக்கே ஒரு மைலுக்கு மேல் நடந்தால் வெட்டுக்காடு. நடக்கும் வழியில் என் மானம் ஒரு நிமிஷம் காப்பாற்றப்பட்டது. மணல்மேட்டில் பச்சைக்கொடி ஒன்று, தடித்த இலையும் ஊதாப் பூவுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் படர்ந்து கிடந்தது. அதன் மேல் வலையும் காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து, இலையைத் தூக்கித் தூக்கிக் குலை தேடினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"என்ன போச்சு, சாரே? மோதிரமா?"

"திராட்சை."

"அது அடம்பு. ஆடு கூடத் தின்னாது" என்றார், என் உடல்நிலையை விசாரிக்கும் குரலில்.

சில்வெஸ்டர் வீடு மாதாகோயிலுக்குப் பின்புறம், ஓலைவேலி போட்ட ஓட்டுவீடு. முப்பது வயது இருக்கும் அவருக்கு. "சங்கரன் சாரோட அளியனா? வரணும், இரிக்கணும்" என்று நாற்காலியைத் துண்டால் தட்டினார். அளியன் என்றால் மச்சினன். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் மனைவி மேரியம்மா உள்ளேயிருந்து வந்து என் நெற்றி விபூதியை ஒரு தரம், புருஷரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பரணி காணிக்கலாம். சத்தம் போட்டுப் பேசக்கூடாது" என்றாள்.

"ஏன்?"

"எங்க அம்மாச்சி பேசமாட்டாங்க. நானும் பேசறதில்ல. போன வருஷம் இவங்க அந்த ரூம்ல நின்னு கம்பெனி டீமோட பந்து விளையாட்டைப் பத்திக் கத்தினாங்க. வீஞ்ஞு புளிச்சுப் போச்சு."

"பந்து விளையாட்டாலே புளிக்கலை, நீ மூடி சரியா கட்டலை" என்றார் சில்வெஸ்டர், ரகசியக் குரலில்.

இருட்டறை மூலையில், இடுப்புயரச் சீனப்பரணி ஒன்று, கழுத்தில் துணி கட்டி, மாதா படத்துக்குக் கீழே நின்றது. மேரியம்மா முறையைச் சொன்னாள். கறுப்புத் திராட்சையைக் கழுவி ஈரமில்லாமல் உலர்த்தவேண்டும். ஒரு அடுக்குத் திராட்சை, ஒரு அடுக்குச் சர்க்கரை. கிராம்பு, பட்டை, ஒரு கைப்பிடி இடித்த கோதுமை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். தினம் காலையில் ஒரே ஆள், ஒரே பக்கமாக, மரக்கரண்டியால் கிளறவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வடிகட்டிப் புட்டியில் அடைப்பார்கள்.

"திராட்சை எங்கிருந்து வருகிறது?" என்றேன். இதற்குத்தானே கும்பகோணத்திலிருந்து வந்தேன்?

"சாலையில இருந்து" என்றாள். "உங்க தமிழ்க்காரர் கடைதான்."

கடற்கரைத் தோட்டம், பறங்கிக்காரன், கொடிமேல் காயும் வலை எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டன. நான் பஸ் ஏறிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது சாலைக் கடைத்தெரு.

அப்போதே கும்பிட்டு விடைபெற்றிருக்கலாம். மேரியம்மா துணியை அவிழ்த்தாள். வாசனை வந்தது. மழைக்காலத்தில் பழக்கூடைக்குப் பக்கத்தில் கிராம்பு இடித்தால் வரும் வாசனை. "முந்தாநாள் வச்சது. ருசி பார்க்கணும்னா பாருங்க" என்று மருந்து குடிக்கும் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஓர் அவுன்ஸ் மொண்டு நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் எப்படிப் போயிற்று என்று கேட்டால் நான் பதில் சொல்லப்போவதில்லை. இனிப்பு. அடியில் கொஞ்சம் உறைப்பு. தொண்டையில் ஒரு சின்னக் கூச்சம். நல்ல ருசி என்பதைப் பயத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பயம் சங்குமுகத்துக்கு வந்த பிறகுதான் முழுசாகப் பிடித்தது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். மூக்கு சிவந்திருந்தது. கடற்கரையில் இரண்டு மணி நேரம் குடையில்லாமல் அலைந்த எந்த மூக்கும் சிவக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. பஸ் குலுங்கியபோது எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மாள் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு இடம் விடுவதற்காக இருக்கலாம். என்னிடமிருந்து ஒதுங்கினாள் என்றே முடிவு செய்தேன். என் தங்கை பெண்ணின் கல்யாணம் என் வாயில் இருக்கிறது என்று நினைத்ததும் வாயை இறுக மூடினேன். கண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று கேட்டபோது விரலால் கிழக்கைக் காட்டினேன்.

இறங்கியதும் நேரே சாலைக்கு ஓடினேன். வாய் நாற்றத்துக்குக் கிராம்பு என்பது எங்கள் வீட்டு வைத்தியம். முதலில் கண்ட பலசரக்குக் கடையில் இரண்டணாவுக்குக் கிராம்பு கேட்டேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை.

"கிராம்பு மட்டும் போதுமா சாமி? திராட்சை வேண்டாமா? நேத்துத்தான் பம்பாய் பெட்டி பிரிச்சோம்."

"திராட்சை எதற்கு?" என்றேன், திருடனைப்போல.

"இல்ல, இந்த மாசம் கிராம்பு கேக்கற ஆளு எல்லாம் திராட்சையும் சேத்துல்லா வாங்குதான். பரணி போடுத காலம்."

பத்துக் கிராம்பை ஒரே தடவையாக வாயில் போட்டுக்கொண்டு கரமனைக்கு நடந்தேன். பாதி வழியில்தான் அந்தப் பரணிக்குள்ளும் கிராம்புதான் போடுகிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. அதுவரை எனக்கு இருந்தது ஓர் அவுன்ஸ் வாசனை. இப்போது பரணியே நடந்து போகிற மாதிரி இருந்தது. ஆற்றில் இறங்கி வாய் கொப்பளித்தேன். கண்ணீர்தான் வந்தது, வாசனை போகவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், ஆறு மணிக்கு வரவேண்டிய சம்பந்தி ஐந்துக்கே வந்து கூடத்தில் சாய்வுநாற்காலியில் இருக்கிறார். மெலிந்த உடம்பு, கூரான பெரிய மூக்கு.

"கும்பகோணம் மாமாவாக்கும்?"

"ம்" என்றேன்.

"பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"ம்."

"வாய்ல புண்ணோ?" என்று எழுந்து பக்கத்தில் வந்தார். மூக்கு எனக்கு முன்னால் வந்து நின்றது. "கிராம்பு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பட்டை". அப்புறம், "திராட்சை. ஓய், எங்கே போய்ட்டு வர்றேள்?"

காபி கொண்டுவந்த கல்யாணி அப்படியே நின்றாள். சங்கரன் உத்தரத்தைப் பார்த்தார். கதவோரம் பெண்ணின் வளையல் சத்தம் கேட்டு நின்றது. ஒரு நல்ல பொய் சொல்ல உலகத்தில் எனக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்ததில்லை. ஒன்றும் வரவில்லை. வெட்டுக்காடு, சில்வெஸ்டர், பரணி, அவுன்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "குழந்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. தப்பு என்னோடது" என்றேன்.

ராமசுப்பய்யர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். விசாரணை தொடங்கியது.

"பரணி என்னிக்கு வச்சதாம்?"

"முந்தாநாள்."

"முந்தாநாளா." அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "புளிக்கறதுக்குத் தாதிரிப்பூ போட்டாளா?"

"கோதுமை போட்டாளாம்."

"சரிதான். முந்தாநாள் போட்ட கோதம்பு இன்னும் முழிச்சே இருக்காது. நீர் குடிச்சது சர்க்கரைத் தண்ணி, ஓய். அதுக்குப் போய் இப்படி ஒரு மூஞ்சி." டிரங்குப் பெட்டியைத் திறந்து, வேஷ்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கறுப்புப் புட்டியை எடுத்தார். "இது திராட்சாரிஷ்டம். ஆத்துலயே போடறது, என் தகப்பனார் கைமுறை. ஒரு மாசம் மூடி வச்சது. தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு அவுன்ஸ்."

புட்டியின் வாயை முகர்ந்தேன். மேரியம்மாவின் இருட்டறை.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டேன். சங்கரன் கண்ணை மூடிக்கொண்டார்.

சம்பந்தி நியாயமாக யோசித்தார். "அவா அதைச் சந்தோஷத்துக்குச் சாப்பிடறா. நாம இதை ஜீரணத்துக்குச் சாப்பிடறோம்."

"திராட்சை எங்கே வாங்கறேள்?"

"சாலையில. வேற எங்கே நல்லது கிடைக்கறது?"

மறுநாள் சங்கரனிடம் கேட்டேன்: இந்த அக்கிரகாரத்தில் எத்தனை வீட்டில் அரிஷ்டம் உண்டு? "எல்லா ஆத்துலயும்தான். அது மருந்தாக்கும்" என்றார். கும்பகோணத்திலும் வைத்தியர் கொடுப்பதுண்டு, ஸ்பூன் கணக்கு. அவுன்ஸ் கணக்கு இந்த ஊர் வழக்கம். ஊர் திரும்பியதும் தெருக்கோடிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அடம்பங்கொடியை மட்டும் நம்பினார்.

மற்றபடி நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். வெட்டுக்காட்டில் குடித்தது எனக்கு ஏறவில்லை. முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், கரமனையில், எல்லார் முன்னிலையிலும் சம்பந்தி தம் கையால் ஊற்றிக் கொடுத்த இரண்டு அவுன்ஸ் ஏறியது. நிச்சயதார்த்தத்துக்கு நான் எழுந்திருக்கவில்லை.